ஈரத்தில் ஒரு பச்சை, காய்ந்தால் ஒரு பச்சை

அக்ரிலிக் வண்ணம் ஈரமாக இருக்கும்போது ஒரு நிறம், காய்ந்தபின் வேறொரு நிறம். வசந்தகால வாழ்த்து அட்டை வரைய உட்காருபவர்களில் பலர் முதலில் இடறுவது இந்த இடத்தில்தான். தட்டில் குழைத்தபோது இளந்தளிராக இருந்த பச்சை, காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் அட்டையில் முற்றிய இலையாகியிருக்கும்.

மாயம் ஒன்றுமில்லை. இந்த வண்ணத்தில் நிறமித் தூளைப் பிடித்துவைப்பவை நீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள். ஈரத்தில் அந்தக் கலவை பால் நிறமாக இருக்கும். அந்த வெண்மை கலந்துதான் வண்ணம் வெளிறித் தெரிகிறது. நீர் ஆவியாக ஆவியாகத் துகள்கள் நெருங்கி ஒன்றோடொன்று இணைந்து தெளிந்த படலமாகிவிடும். பால் வெண்மை போய்விட, நிறமியின் சொந்த நிறம் வெளிப்படும். அடர்ந்த நிறங்களில் இந்த மாற்றம் அதிகம். டைட்டானியம் வெள்ளை நிறையச் சேர்ந்த வெளிர் நிறங்களில் குறைவு. ஆகவே கலந்த நிறத்தை ஒரு துண்டுத் தாளில் தீற்றிக் காயவிட்டுப் பார்த்த பிறகே அட்டையில் கை வைக்க வேண்டும். பொறுமையற்றவர்களுக்கு அறிவுரை சொல்லிப் பயனில்லை. அவர்கள் கருத்துப்போன தளிர்களை அனுப்பிக்கொண்டேதான் இருப்பார்கள்.

ஓவியர்களுக்கான வண்ணங்களில் அக்ரிலிக் இளையவற்றுள் ஒன்று. எண்ணெய் வண்ணத்துக்குப் பின்னால் பல நூற்றாண்டுகள் நிற்கின்றன. நீரில் கரைத்துப் பூசும் அக்ரிலிக்கை அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஹென்றி லெவிசன் 'லிக்விடெக்ஸ்' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது 1955இல். வீட்டுச் சுவருக்கு அடிக்கும் அக்ரிலிக் எமல்ஷனும் இதே குடும்பம்தான். எழுதுபொருள் கடையில் பெட்டியாக விற்கும் மலிவான அக்ரிலிக்கே வாழ்த்து அட்டைக்குத் தாராளமாகப் போதும். அதில் நிறமி சற்றுக் குறைவாக இருக்கும். ஒரு பூச்சுக்குப் பதில் இரண்டு பூச்சு கொடுத்தால் சரியாகிவிடும்.

தாளில் மட்டும் சிக்கனம் கூடாது. மெல்லிய தாள் ஈரம் பட்டதும் நெளியும். 300 ஜிஎஸ்எம் நீர்வண்ணத் தாள் நல்லது. ஏ5 அளவில் வெட்டி இரண்டாக மடித்தால் ஏ6 அட்டை கிடைக்கும். சி6 உறையில் சரியாக உட்காரும். மடிப்புக் கோட்டை மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அளவுகோலை ஒட்டி அழுத்திக் கீறிக்கொண்டு மடித்தால் முதுகு பிளக்காது. கோடு தாளின் இழை ஓடும் திசையிலேயே அமைவது முக்கியம். வரையும்போது அட்டையின் நான்கு ஓரங்களையும் காகித டேப்பால் பலகையில் ஒட்டிவிட்டால் நெளிவு குறையும். டேப்பை உரித்ததும் சுற்றிலும் ஒரு வெள்ளைக் கரை இலவசமாகக் கிடைக்கும்.

என்ன வரைவது? பிரிட்டனில் அதற்குப் பெரிய விவாதம் இல்லை. மார்ச் 1 வேல்ஸ் நாட்டின் புனித டேவிட் நாள், தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு அன்னையர் நாள், அடுத்து ஈஸ்டர் என்று வசந்தம் முழுவதும் அட்டைகளில் டாஃபடில்தான். இந்தப் பூவைக் கண்ணால் காணாமலேயே இதன்மேல் எழுதிய பாட்டை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவர்கள் தமிழ்நாட்டிலும் உண்டு. வேர்ட்ஸ்வொர்த்தின் அந்தப் பாட்டு அச்சானது 1807இல். ஆனால் டாஃபடில் வரைய விரும்புபவருக்கு உதவுவது பாட்டல்ல. கவிஞரின் தங்கை டோரதியின் நாட்குறிப்பு.

1802 ஏப்ரல் 15. அண்ணனும் தங்கையும் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையோரமாக வீடு திரும்புகிறார்கள். கடுங்காற்று. கௌபரோ பார்க் காட்டருகே, நீரையொட்டிச் சில மஞ்சள் பூக்கள் டோரதியின் கண்ணில் படுகின்றன. ஏரி விதைகளைக் கரையில் ஒதுக்கி, அதிலிருந்து ஒரு சிறு கூட்டம் முளைத்திருக்கலாம் என்று நினைக்கிறார். நடக்க நடக்கப் பூக்கள் பெருகுகின்றன. கடைசியில் கரை நெடுக, ஒரு நாட்டுப்புறச் சாலையின் அகலத்துக்கு, நீண்ட பட்டையாக விரிந்து கிடக்கின்றன. அவர் அத்துடன் விட்டுவிடவில்லை. சில பூக்கள் களைத்துப்போய்ப் பாசி படர்ந்த கற்களின்மேல் தலை சாய்த்துக் கிடந்ததையும், மற்றவை தலையை உதறித் தள்ளாடி ஆடியதையும் பிரித்துப் பிரித்து எழுதிவைக்கிறார். அண்ணன் இதைப் பாட்டாக்கியது சில ஆண்டுகள் கழித்து. அப்போது களைத்த பூக்கள் காணாமல்போய்விட்டன. எல்லாப் பூக்களும் ஆடின. பக்கத்தில் நடந்துவந்த தங்கையும் காணாமல்போனார். கவிஞர் தனியாக அலைந்தார். கவிதைக்கு அந்த உரிமை உண்டென்று பேராசிரியர்கள் சொல்வார்கள். ஓவியருக்கு டோரதியின் கண்தான் தேவை. கடையில் விற்கும் அட்டைகளில் டாஃபடில்கள் வரிசையாக நிமிர்ந்து நம்மையே பார்ப்பதற்குக் காரணம், வரைந்தவர்கள் பாட்டை மட்டும் படித்ததுதான் போலும்.

பூவின் கழுத்து வளையும். முகம் பக்கவாட்டில் திரும்பியோ சற்றுக் கவிழ்ந்தோ இருக்கும். வெளியே ஆறு இதழ்கள், நடுவில் குழல். அல்ஸ்வாட்டர் கரையில் பூக்கும் காட்டு டாஃபடிலில் இதழ்கள் வெளிர்மஞ்சள், குழல் அடர்மஞ்சள். இலைகள் பட்டையாக, சாம்பல் பூத்த பச்சையாக இருக்கும். தண்டு வளையும் இடத்தில் காய்ந்த காகிதம் போன்ற ஒரு பழுப்பு உறை ஒட்டிக்கொண்டிருக்கும். அட்டை வரைபவர்கள் பெரும்பாலும் மறக்கும் அந்த உறையை ஒரே தீற்றில் போட்டுவிட்டாலே பூவுக்கு உயிர் வந்துவிடும்.

மஞ்சள் நிறமிகளில் பல ஒளி ஊடுருவுபவை. பச்சைப் பின்னணியின்மேல் நேராகப் பூசினால் மஞ்சள் அதில் அமுங்கிப்போகும். பூ வரும் இடத்தில் முதலில் வெள்ளையைப் பூசிக் காயவிட்டு, அதன்மேல் மஞ்சளை ஏற்ற வேண்டும். நீர்வண்ணத்தில் இது நடக்காத காரியம். அங்கே கீழ்ப்பூச்சு பெரும்பாலும் கரைந்து மேலே வந்துவிடும். காய்ந்த அக்ரிலிக் மறுபடி நீரில் கரையாது. நிழலுக்காக மஞ்சளில் கறுப்பைச் சேர்த்தால் அது பாசிப்பச்சையாகும். காவியோ துளி ஊதாவோ போதும். கரையாத குணத்துக்கு ஒரு தண்டனையும் உண்டு: தூரிகையை உடனே கழுவாவிட்டால் அது குச்சியாகிவிடும். தட்டில் காய்ந்த வண்ணத்தையோ தோல் போல உரித்தெடுக்கலாம். அட்டை வரைவதைவிட அதில் சிலருக்கு ஆனந்தம் அதிகம்.

இந்த வண்ணத்தின் தட்டையான, சீரான பூச்சை விரும்பிப் பயன்படுத்தியவர் டேவிட் ஹாக்னி. டேட் காட்சியகத்திலுள்ள அவருடைய 'எ பிக்கர் ஸ்ப்ளாஷ்' (1967) அக்ரிலிக் ஓவியம். வானத்தையும் நீச்சல் குளத்தையும் அவர் ரோலரால் பூசினார். இரண்டு நொடியில் எழுந்து அடங்கும் நீர்த் தெறிப்பைச் சிறு தூரிகையால் வரைய ஏறக்குறைய இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார். அட்டைக்கும் இந்த விகிதம் பொருந்தும்: பின்னணியை அகலத் தூரிகையால் சட்டென்று முடித்துவிட்டு, நேரத்தையெல்லாம் பூவுக்குக் கொடுக்கலாம். அதே ஹாக்னி 2020 மார்ச்சில், ஊரடங்கின்போது, பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து உலகத்துக்கு ஒரு டாஃபடில் படத்தை அனுப்பினார். வசந்தத்தை எவராலும் ரத்து செய்ய முடியாது என்பது அதன் தலைப்பின் சாரம். வரைந்தது ஐபேடில். அங்கே நிறம் கருக்காது, தூரிகை கெடாது. ஆனால் அந்த வசதியில் அட்டையைத் தடவிப் பார்க்கும் விரலுக்கு ஒன்றும் அகப்படாது.

கடைசித் தொல்லை ஒட்டுதல். மெல்லிய பூச்சு கால்மணி நேரத்தில் தொடுவதற்குக் காய்ந்துவிடும். கனத்த பூச்சின் உள்ளீரம் போக நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். முழுக்கக் காய்ந்த பின்னும் படலம் சற்று மென்மையாகவே இருக்கும். வண்ணம் பூசிய இரண்டு முகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தி வைத்தால் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் பூ பாதி அங்கே, பாதி இங்கே. சென்னை வெயிலில் கேட்கவே வேண்டாம். குளிரோ வேறு விதமான இடைஞ்சல்: சுமார் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே துகள்கள் சரியாக இணையாமல் படலம் வலுவிழக்கும். ஒட்டிக்கொள்ளும் என்பதால் அட்டையின் உட்பக்கத்தில் வண்ணம் வேண்டாம். அங்கே பேனாவால் எழுதுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். அடுக்கி வைக்கும்போது இடையிடையே கேக் சுடும் தட்டில் விரிக்கும் சிலிக்கோன் பூசிய தாளைச் செருகினால் ஒட்டாது. உறைக்குள் வைக்கும்போதும் பூவின்மேல் அதே தாளில் ஒரு துண்டு இருக்கட்டும்.

பிரிட்டிஷ் அஞ்சலில் சாதாரணக் கடிதத்தின் கனம் 5 மில்லிமீட்டரையும் எடை 100 கிராமையும் தாண்டக் கூடாது. குழலை நிஜம் போலக் காட்டுவதற்காக வண்ணத்தைக் கத்தியால் அள்ளி மேடாகக் குவித்து அந்தக் கனத்தைத் தாண்டினால், டாஃபடிலுக்குப் பெரிய கடிதத்துக்கான தபால்தலை ஒட்ட வேண்டியிருக்கும்.