தூத்துக்குடியில் ஒரு சவரக்கத்தி

தூத்துக்குடிக்குச் செல்வோர் முத்தையும் உப்பையும் பற்றிப் பேசித் திரும்புவர். நாமோ சென்ற கோடை விடுமுறையில் அங்கே சவரக்கத்தி பிடிக்கக் கற்றோம்.

துறைமுகத்தருகே கடை வைத்திருக்கும் முதிய நாவிதர், "ஐயா, தோல்வாரில் தீட்டுகையில் கத்தியின் முதுகு முன்னே செல்லட்டும், கூர்வாய் பின்னே வரட்டும். திருப்பும்போது முதுகின்மேல் புரட்டுங்கள்" என்றார். நாம் அவசரத்தில் மாற்றி இழுத்தோம். வார் வெட்டுண்டது, கூரும் மழுங்கிற்று. அவர் சினவாமல் மீண்டும் தீட்டித் தந்தார். எனினும் நம் மோவாயில் இரத்தம் கசிந்தது.

அவருடைய முன்னோரின் செய்கை அப்போது நினைவுக்கு வந்தது. 1908 மார்ச்சில் வ. உ. சிதம்பரம் பிள்ளை கைதான நாட்களில், இவ்வூர் நாவிதர்கள் சுதேசி இயக்கத்தின் பகைவருக்குச் சவரம் செய்ய மறுத்தனர். அன்றாடக் கூலியால் வயிறு வளர்த்தவர்கள் அவர்கள்!

கத்தியை விரிக்கவே நாம் இன்னும் சரியாகப் பழகவில்லை. அவர்களோ அதை மடக்கவேண்டிய வேளையையும் அறிந்திருந்தனர்.