குசினிக்கு வந்த இயந்திரம்

கிணற்றடியில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டு ஓடிப்போனேன். மாமி இடுப்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சுற்றிவர நுரை பூசிய கோப்பைகளும் பீங்கான்களும் கிடந்தன. “ஒண்டுமில்ல மகள், ஒரு பீங்கானும் உடையல்ல” என்றார். எழுபது வயதைத் தாண்டியவர். அல்லாஹ்வின் கிருபையால் எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் கழுவிக் கொண்டிருந்தது என் வேலையை அல்லவா!

இரண்டு வருடமாக என் கைகளில் தோல் வெடித்து இரத்தம் கசிந்தது. சவர்க்காரமும் ஈரமும்தான் காரணம், கையை நனைப்பதைக் குறையுங்கள் என்றார் டொக்டர். ஒரு குடும்பப் பெண் கையை நனைக்காமல் எப்படி இருப்பது? ரப்பர் கையுறை போட்டுப் பார்த்தேன், உள்ளே வியர்த்து இன்னும் மோசமானது. ரொட்டிக்கு மாக் குழைக்கும்போது உப்புப் பட்டுக் கண்ணீர் வந்துவிடும். அதைப் பார்த்துத்தான் மாமி ஒன்றும் சொல்லாமல் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போகத் தொடங்கினார்.

கணவரின் வேலை காரணமாக நாங்கள் தொண்டைமானாற்றில் வாடகைக்கு இருக்கிறோம். பழைய வீடு. குசினியில் அடுப்பு மேடை இருக்கிறது. தண்ணீர்க் குழாயும் இல்லை, கழுவுத் தொட்டியும் இல்லை. சமைக்க வாளியில் தண்ணீர் கொண்டுவர வேண்டும், கழுவ வெளியே போக வேண்டும்.

மாமி விழுந்த செய்தி கட்டாரில் இருக்கும் என் நானாவுக்குப் போனது. அடுத்த முறை சாமான் அனுப்பும்போது பெரிய பெட்டி ஒன்றும் வந்தது. திறந்தால், பாத்திரம் கழுவும் இயந்திரம்! மேடையில் வைக்கக்கூடிய சிறியது, ஆறு பேர் சாப்பிட்ட பாத்திரம் கொள்ளும். பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். நானும் பிஸ்மில்லாஹ் சொல்லி அதைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு பின்பக்கம் திருப்பினேன். தண்ணீர் வரும் குழாய், கழிவு போகும் குழாய், மின்சார வயர் என்று மூன்று வால்கள். எங்கள் குசினியில் அந்த மூன்றையும் மாட்ட ஓர் இடமும் இல்லை.

முதலில் மின்சாரம். இந்த இயந்திரம் தண்ணீரைத் தானே சூடாக்கும். அதற்கு ஏறக்குறைய 2000 வாட் வேண்டும். நமது 230 வோல்ட்டில் அது ஒன்பது அம்பியர் அளவு வரும். குசினியில் இருந்ததோ பழைய ஐந்து அம்பியர் பிளக் பொயின்ட். அதில் மாட்டியிருந்தால் வயர் சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். வயரிங் வேலை செய்பவர் மெயின் பெட்டியிலிருந்து தனி வயர் இழுத்து, எர்த் வைத்து, 13 அம்பியர் பொயின்ட் போட்டுத் தந்தார். ட்ரிப் சுவிட்சையும் சோதித்தார். தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடத்தில் அது வேலை செய்யாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

அடுத்தது தண்ணீர். குளியலறைக் குழாயிலிருந்து சுவரைத் துளைத்துக் குசினிக்கு ஒரு குழாய் எடுத்தோம், தனியாகத் திறந்து மூடும் பைப்பும் வைத்தோம். பட்டனை அழுத்தினேன். இயந்திரம் உறுமியது, பிறகு ஒரு சிவப்பு விளக்கு மினுங்கியது, அவ்வளவுதான். மூன்று முறை முயன்றும் அதே கதை. “பெட்டியோட திருப்பி அனுப்பிடு மகள், நான் கழுவுறன்” என்றார் மாமி.

பைப் வேலை செய்யும் தம்பி வந்து கையேட்டைப் பார்த்துவிட்டு, அளவு நாடாவோடு வெளியே போனார். தண்ணீர் பத்து மீற்றர் உயரத்தில் இருந்தால்தான் ஒரு பார் அமுக்கம் கிடைக்குமாம். எங்கள் இயந்திரத்துக்குக் குறைந்தது 0.4 பார் வேண்டும். அதாவது, இயந்திரத்திலிருந்து நாலு மீற்றருக்கு மேலே தண்ணீர் நிற்க வேண்டும். எங்கள் தாங்கியோ குளியலறைக் கூரை மேல், இரண்டு மீற்றர் கூட வராது. குளிக்க அது போதும், இதற்குப் போதாது. தாங்கியை உயர்த்த இரும்பு நிலை ஒன்று அடிக்க வேண்டியதாயிற்று. பெருநாள் உடுப்புக்கென்று சேர்த்த பணம் அதில் போனது. இயந்திரம் அன்பளிப்பாக வந்தது. அதை மாட்டும் செலவு எங்கள் தலையில்.

நிலை அடித்து முடிய ஒரு மாதம் பிடித்தது. அந்த மாதம் மாமியையும் என்னையும் கிணற்றடிக்கு விடாமல் என் கணவரும் மகனும் பாத்திரம் கழுவினார்கள். “இது உம்மாட வேலைதானே?” என்று முதல் நாள் முணுமுணுத்த மகன், நாலாம் நாள் தன் கோப்பையைத் தானே கழுவி வைத்தான். இயந்திரம் வருவதற்கு முன் வீட்டுக்கு வர வேண்டியது அதுதானோ என்று யோசித்தேன்.

மூன்றாவது, கழிவு நீர். மற்ற இரண்டையும் காசு கொடுத்துத் தீர்த்தோம். இதை யோசித்துத்தான் தீர்க்க வேண்டியிருந்தது. வீட்டுக்காரி அன்ரி பக்கத்து வீட்டில் இருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. “சுவரைத் துளையுங்கோ பிள்ளை, அது காரியமில்லை. ஆனால் அந்த மருந்துத் தண்ணியைக் கிணத்தடியிலை விடக் கூடாது” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அவர் சொன்னதில் பெரிய நியாயம் இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. தொண்டைமானாறு என்று பெயரில்தான் ஆறு. உண்மையில் கடலோடு சேரும் ஒரு நீரேரி. கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றிப் போக வெட்டிய வாய்க்கால் என்று வழிவழியாகக் கதை சொல்வார்கள். கடல்நீர் உள்ளே வராமல் தடுக்கத்தான் இங்கே கதவுகள் வைத்த அணை இருக்கிறது. நாம் குடிப்பது மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தேங்கிய நீர். அந்த நன்னீர், அடியில் இருக்கும் உப்பு நீரின் மேல் மிதந்து கொண்டிருக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே வரும். மேலே கொட்டிய அழுக்கோ கல்லின் வெடிப்புகள் வழியே கிணற்றுக்குப் போய்விடும். 2024இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. எங்கள் ஒழுங்கைக்கு இன்னமும் கிணறுதான்.

இந்த இயந்திரத்தின் தூள் சாதாரணச் சவர்க்காரத்தை விடக் காரமானது. இன்னொன்றும் உண்டு. எங்கள் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அது கண்ணாடியில் படியாமலிருக்க இயந்திரத்துக்குள் தனி உப்புப் போட வேண்டும். சாப்பாட்டுத் தூள் உப்பும் ஆகாது, உப்பளத்துக் கல்லுப்பும் ஆகாது. இதற்கென்று விற்கும் சுத்தமான உப்புத்தான். அந்த உப்பும் கடைசியில் கழிவோடு வெளியே வரும். கிணற்றிலிருந்து ஐம்பது அடிக்கு மேல் தள்ளி, வளவின் கடைசியில் நிற்கும் தென்னைகள் வரைக்கும் குழாய் போட்டோம். தென்னை கொஞ்சம் உப்பைத் தாங்கும். இடையில் கொழுப்பும் சோற்றுப் பருக்கையும் தங்க ஒரு சிறு தொட்டி. கழிவுக் குழாயை இயந்திரத்தின் அடிமட்டத்திலிருந்து ஓர் அரை மீற்றர் மேலே தூக்கிக் கட்டினார் தம்பி. இல்லாவிட்டால் கழுவும் தண்ணீர் தானாகவே வடிந்துவிடுமாம். அன்ரி வந்து நின்று பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினார்.

இது நமக்கு மட்டும் வந்த தொல்லை அல்ல. அமெரிக்காவில் ஜோசபின் கொக்ரேன் என்ற பெண்மணி, கணவர் இறந்து கடனில் நின்றபோது செய்த இயந்திரத்துக்கு 1886இல் காப்புரிமை பெற்றார். 1893 சிக்காகோ கண்காட்சியில் அது பெயர் வாங்கியது. ஆனால் வாங்கியவை பெரும்பாலும் ஹோட்டல்கள்தான். வீடுகளில் அதற்குப் போதுமான சுடுநீர் வசதி அன்று இருக்கவில்லை.

மாமிக்கு நம்பிக்கை வர நாள் பிடித்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, குசினியை அப்படியே விட்டுப் புத்தளம் போனவர் அவர். அங்கே அகதி முகாமில் குடத்துத் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர். இன்றும் உளூவுக்கு ஒரு செம்புக்கு மேல் எடுக்க மாட்டார். “இந்தப் பெட்டி எவ்வளவு தண்ணி குடிக்கும்?” என்பதுதான் அவருடைய கேள்வி. ஒரு நாள் கழிவுக் குழாயை வாளிக்குள் விட்டுக் காட்டினேன். பத்து லீற்றர் வாளி நிறையவில்லை. அதே அளவு பாத்திரத்துக்குக் கிணற்றடியில் நாங்கள் நாலு வாளி செலவழித்தோம். மாமி வாளியை எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு ‘பெட்டி’ என்று சொல்வதை நிறுத்திவிட்டார்.

சகோதரிகளே, வெளிநாட்டிலிருந்து யாராவது இப்படி ஒன்றை அனுப்புகிறேன் என்றால், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். தாங்கியின் உயரத்தையும், பிளக் பொயின்ட்டையும், கிணறு எங்கே கழிவு எங்கே என்பதையும் முதலில் பாருங்கள். கையால் ஐந்து லீற்றர் ஊற்றி ஓட்டக்கூடிய சிறு இயந்திரங்களும் கிடைக்கின்றன. தாங்கியை உயர்த்த வசதியில்லாதவர்களுக்கு அது உதவும். ஆனால் அதற்கும் மின்சாரமும் கழிவு வழியும் வேண்டும்.

எல்லாவற்றையும் அது கழுவாது. அலுமினியச் சட்டி கறுத்துப்போகும், மண்சட்டி ஆகாது. விருந்தாளிகள் வந்தால் எடுக்கும் சஹன் அதன் கதவுக்குள்ளேயே போகாது. அதை மகன்தான் கழுவுகிறான். மாமி கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து, “அந்த ஓரத்தில எண்ணெய் நிக்குது பாரு” என்று காட்டிக் கொடுக்கிறார். என் கைகளில் வெடிப்பு ஆறிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். நேற்று ரொட்டிக்கு நானே மாக் குழைத்தேன்.