உருகுவதுதான் வேலை

நாட்டுப்படகுகள் கரை சேரும் சனிக்கிழமைகளில் திரேஸ்புரத்துக்கு வருகிறவர்கள் ஏலத்தைத்தான் பார்ப்பார்கள். நான் பார்க்கப் போனது ஏலம் முடிந்த பிறகு நடக்கும் வேலையை. தெர்மாகோல் பெட்டியின் அடியில் நொறுக்கிய ஐஸைப் பரப்பி, விளைமீனை ஒரு வரிசை அடுக்கி, மேலே மறுபடி ஐஸைத் தள்ளி, பெட்டியை இரு பக்கமும் பிடித்து உலுக்குகிறார்கள். "சந்து விடாதல, நல்லா குலுக்கு" என்று மூத்தவர் இளையவனை அதட்டுகிறார். கூலிக் கணக்கில் இது சுமை வேலை. ஆனால், வெப்பத்துக்கு எங்கே வழி விடுவது, எங்கே அடைப்பது என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டிய தொழில் இது.

ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 80 கிலோகலோரி வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். 30 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ மீனைப் பூஜ்ஜியத்துக்கு இறக்க ஏறக்குறைய 27 கிலோகலோரியை எடுத்தால் போதும். கணக்குப்படி மீனின் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஐஸ். ஆனாலும் நம் போன்ற வெக்கை நாடுகளில் மீனுக்குச் சமமாக ஐஸ் போடச் சொல்கிறார்கள். மீதியெல்லாம் பெட்டிச் சுவர் வழியே நுழையும் வெப்பத்துக்கே செலவாகிறது. அளவு இப்படி என்றால், அடுக்குமுறை அதைவிட முக்கியம். அசையாத காற்று, தண்ணீரைவிட இருபது மடங்குக்கும் மேல் மெதுவாகத்தான் வெப்பத்தைக் கடத்தும். தெர்மாகோலே பெரும்பாலும் காற்றுதான். சுவரில் அந்தக் காற்று வேண்டும். அதே காற்று மீனுக்கும் ஐஸுக்கும் நடுவில் சிக்கினால், உள்ளே இன்னொரு தெர்மாகோல் வைத்த மாதிரி. அந்த அதட்டலுக்குக் காரணம் இதுதான்.

கட்டியாகப் போட்டால் நெடுநேரம் நிற்குமே, நொறுக்கி ஏன் வீணாக்குவது என்று கேட்பவர்கள் உண்டு. கரையாமல் நிற்கிற ஐஸ், வெப்பத்தை வாங்காமல் நிற்கிற ஐஸ். உருகிய நீர் செவுளிலும் மடிப்பிலும் வழிந்து, கட்டி எட்டாத இடத்தையும் குளிர்விக்கிறது. அதே நீர் ரத்தத்தோடு அடியில் தேங்கினால் கெடுதல், வடிந்துவிட வேண்டும். ஃப்ரீசர் இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்பது கொஞ்சம் வலுவான கேள்வி. மைனஸ் 18 டிகிரியில் காற்று அசையாத பெட்டிக்குள் வைத்த மீனைவிட, உருகும் ஐஸுக்குள் புதைத்த மீன் சீக்கிரம் குளிரும். தவிர, மெல்ல உறையும் மீனில் பெரிய பனிப்படிகங்கள் வளர்ந்து சதையைக் கிழித்துவிடும். தடித்த சீலாவுக்கு ஐஸும் மந்திரம் செய்யாது: தடிமன் இரட்டித்தால் நடுச்சதை குளிர ஏறக்குறைய நான்கு மடங்கு நேரமாகும். அதனால் சாளையைப் போல அதை நெருக்கி அடுக்கக் கூடாது, சுற்றிலும் ஐஸ் வேண்டும்.

1833-ல் பாஸ்டனிலிருந்து 180 டன் ஐஸுடன் புறப்பட்ட கப்பல், நான்கு மாதம் கழித்துக் கொல்கத்தாவில் சுமார் 100 டன்னை இறக்கியது. அந்த வியாபாரத்தின் மிச்சம்தான் சென்னை ஐஸ் ஹவுஸ். சுற்றி அடைப்பது சரியாக இருந்தால் ஐஸ் அவ்வளவு தூரம் தாங்கும். இங்கோ மூலை உடைந்த பெட்டி டேப் ஒட்டி மறுபடி ஓடுகிறது, லாரி வரும்வரை வெயிலில் கிடக்கிறது. மீன் குழைந்து போய்ச் சேர்ந்தால் ஐஸ் போட்டவன் தலையில்தான் விழும். பெட்டிகளுக்கு மேல் ஒரு கூரை போடுவது யார் பொறுப்பு என்று எவரும் கேட்பதில்லை.