பித்தம் என்றார்கள்

சுக்கை உரைத்து நெற்றியில் பற்றுப் போட்டால் முதலில் எரியும்; காய்ந்ததும் தோலைச் சுண்டி இழுக்கும். அக்காவின் நெற்றியில் அந்தப் பற்று இல்லாத மாதம் குறைவு. கொடியேற்றத்துக்கு வெயிலில் நிற்கவைத்த நாளில் பாதியிலேயே வீட்டுக்கு வந்துவிடுவாள். வாசலிலேயே மஞ்சளாக வாந்தி. “பித்தம் தலைக்கேறிடுச்சு. காலையில வெறும் வயித்தோட ஓடினா இப்படித்தான்” என்பாள் பாட்டி.

கண்ணில்தான் கோளாறு என்று கண்ணாடியும் வாங்கிப் போட்டார்கள். மூக்கில் தழும்பு விழுந்ததுதான் மிச்சம்.

ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குவாள். நாலு மணிக்கு எழுந்து சோறு கேட்பாள், அப்புறம் தெருவில் பாண்டி ஆட்டம். அங்கேதான் வம்பு. “மத்தியானம் சுருண்டு கிடந்தவளா இவ?” என்று சித்தப்பா சிரிப்பார். பெரியவர்களுக்கு ஒரு நாள், இரண்டு நாள் என்று இழுக்கிற மைக்ரேன் என்னும் ஒற்றைத் தலைவலி, குழந்தைகளுக்கு இரண்டு மணி நேரத்திலேயே முடிந்துபோவதுண்டு. ஒரு தூக்கம் போட்டால் விட்டுவிடும். பார்க்கிறவர்களுக்கு நடிப்பாகத்தானே தெரியும்?

இந்தப் பிள்ளைகளை எண்ணிப் பார்த்தவர் ஸ்வீடனின் உப்சாலா நகரத்துக் குழந்தை மருத்துவர் போ பில்லே. 7 முதல் 15 வயது வரையிலான 8,993 பள்ளிப் பிள்ளைகளிடம் விசாரித்து, 1962இல் முடிவுகளை வெளியிட்டார். நூற்றுக்கு நான்கு பேருக்கு மைக்ரேன் இருந்தது. 1994இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் இன்னொரு கணக்கு வந்தது. அதில் நூற்றுக்குப் பத்துக்கும் மேல். நாற்பது பேர் வகுப்பென்றால் நாலு பேர். அக்காவின் வகுப்பில் மற்ற மூவர் யாரோ!

வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும் பையன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். வீட்டுப்பாடம் எழுதாதவன் என்று பெயர். மைக்ரேன் சில குழந்தைகளுக்கு வயிற்றுவலியாகவும் வருமாம். அவனுக்கு அதுதானா, நிஜமாகவே வீட்டுப்பாடமா, இனி யார் சொல்வது?

பாட்டி பாதி சரி. பட்டினி, தூக்கக் குறைவு, வெயில் எல்லாம் அதைக் கிளப்பிவிடும். மீதிப் பாதி வீட்டுக்குள்ளேயே இருந்தது. அம்மா அவ்வப்போது ஈரத்துண்டைத் தலையில் இறுகக் கட்டிக்கொண்டு இருட்டறையில் படுப்பாள். வேலை அலுப்பு என்று விட்டுவிட்டோம். தாய்வழியிலோ தகப்பன்வழியிலோ இறங்கி வருகிற விஷயம் என்று அப்போது எங்கள் வீட்டில் யார் கண்டது?

தான் பார்த்த பிள்ளைகளில் கடுமையான வலி இருந்த 73 பேரை பில்லே நாற்பது ஆண்டுகள் விடாமல் தொடர்ந்தார். ஐம்பது வயதிலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வலி வந்துகொண்டிருந்தது. அக்காவும் அந்தப் பாதியில்தான். இப்போது கைப்பையில் மாத்திரை வைத்திருக்கிறாள்.

அவள் பையனுக்கும் வருகிறது. தொடங்கிய உடனே கொடுத்தால்தான் மாத்திரை கேட்கும். பள்ளியில் மாத்திரை கொடுக்கமாட்டார்கள், போன்தான் செய்வார்கள். பஸ் பிடித்து இவள் போய்ச் சேருவதற்குள் அவன் வாந்தி எடுத்து, பெஞ்சிலேயே தூங்கியிருப்பான்.