அப்பா கேட்ட ஊர்!

"அண்ணா... லீவுல யூரோப் சுத்தலாம்னு இருக்கோம். எந்தெந்த ஊருக்குப் போகலாம்?"

நான் மாஸ்டர்ஸ் படிக்கிறது ஜெர்மனியில், கெம்னிட்ஸ் என்கிற ஊரில். புதுசா வந்து இறங்குற ஜூனியர்ஸ் என்கிட்ட கேட்கிற முதல் கேள்வி இதுதான். (ரெண்டாவது, 'பார்ட் டைம் வேலை கிடைக்குமாண்ணா?') நானும் கெத்தா லிஸ்ட் போட்டுக் கொடுத்துட்டு இருந்தவன்தான். எங்கப்பா வந்துட்டுப் போனதுக்கு அப்புறம்தான் அந்தக் கெத்து இறங்கிடுச்சு.

முதல்ல என் வீரக்கதையைக் கேளுங்க. வந்த புதுசில் நாலு பேர் சேர்ந்து டூர் கிளம்பினோம். ஒன்பது நாள், ஆறு ஊர். ஆம்ஸ்டர்டாம், பிரஸ்ஸல்ஸ், பாரிஸ், மிலன், வெனிஸ், வியன்னா. ரூம் காசு மிச்சமாகுமேன்னு பாதி ராத்திரி பஸ்ஸிலேயே கழிஞ்சது. ஆன் ஃபிராங்க் ஒளிஞ்சிருந்த வீட்டுக்கு ஆன்லைனில் மட்டும்தான் டிக்கெட், அதுவும் பல வாரம் முன்னாடியே தீர்ந்துடும்ங்கிறது அந்த வீட்டு வாசலில் நின்னப்பதான் தெரிஞ்சது. பிரஸ்ஸல்ஸில் 'உச்சா போற பையன்' சிலை உலக ஃபேமஸ்னு ஓடினோம். ரெண்டு அடிகூட இல்லை! பாரிஸில் லூவ்ர் மியூசியத்துக்குப் போன நாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை லூவ்ருக்கு லீவு. வெனிஸில் என்ன பார்த்தோம்னு கேட்காதீங்க, ஒரு படிக்கட்டில் வரிசையா உட்கார்ந்து தூங்கினோம். ஆனா போட்டோ மட்டும் ஆயிரத்துக்கு மேல இருக்கு.

அதனால, என்கிட்ட லிஸ்ட் கேட்கிறவங்களுக்கு இப்போ நான் சொல்றது, பேரைப் பார்க்காம மேப்பைப் பாருங்க பாஸ். ப்ராக், வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட் நாலும் ஒரே ரயில் ரூட் மாதிரி. ப்ராக்கிலிருந்து வியன்னா நாலு மணி நேரம், அங்கிருந்து பிராட்டிஸ்லாவா ஒரு மணி நேரம். ப்ராக்கில் இறங்கி புடாபெஸ்ட்டில் ஃப்ளைட் பிடிச்சா, போன வழியிலேயே திரும்பி வர்ற செலவு மிச்சம். ஆனா செக் நாட்டில் கொருனா, ஹங்கேரியில் ஃபோரின்ட்... யூரோவை நீட்டினா எல்லாக் கடையிலும் வாங்க மாட்டாங்க. ஊர்லேர்ந்து வர்றவங்களா இருந்தா, ஒரு ஷெங்கன் விசாவில் 29 நாடு சுத்தலாம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குறீங்களோ அந்த நாட்டு விசாவுக்குத்தான் அப்ளை பண்ணணும். லண்டன் இதில் வராது. அதுக்குத் தனி விசா, தனி அழுகை!

சரி, அப்பா மேட்டருக்கு வர்றேன்.

எங்க ஊர் மயிலாடுதுறை. அப்பா அச்சாபீஸில் கம்பாசிட்டரா இருந்தவர். அதாவது, ஈய எழுத்தை ஒவ்வொண்ணாப் பொறுக்கி, தலைகீழா அடுக்கி, கல்யாணப் பத்திரிகையும் நோட்டீஸும் அடிக்கிற வேலை. பதினாலு வயசுல 1976-ல் சேர்ந்தாராம். ரெண்டே வருஷத்தில் எழுத்துச் சீர்திருத்தம் வந்து, பழைய 'ணை', 'லை', 'றா' எல்லாம் போய் கை பழகினதை மறுபடி பழக வேண்டியதாச்சாம். அப்புறம் ஆஃப்செட் வந்து, எழுத்துப் பெட்டியையே எடைக்குப் போட்டுட்டாங்க. அப்பா பைண்டிங் பக்கம் போய், அப்படியே ரிட்டையர் ஆனார்.

ரெண்டு வருஷ பார்ட் டைம் காசில் அவரைக் கூட்டிட்டு வரணும்னு முடிவு பண்ணினேன். அம்மாவையும்தான் கூப்பிட்டேன். "முட்டி வலியோட அவ்ளோ தூரம் என்னால முடியாதுப்பா. அப்பாவைக் கூட்டிட்டுப் போய்க் காட்டு, போட்டோ அனுப்பு"ன்னுட்டாங்க. பதினஞ்சு நாள் விசா. நான் ஒரு மாசமா எக்ஸெல் ஷீட் போட்டேன். பாரிஸ் நாலு நாள், ஆம்ஸ்டர்டாம் ரெண்டு நாள், ப்ராக் ரெண்டு நாள். வீடியோ கால்ல பெருமையா வாசிச்சுக் காட்டினா, எல்லாத்தையும் கேட்டுட்டு அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி... ஹாலேங்கிற ஊர் உனக்குப் பக்கமாடா?"

பக்கம்தான். லைப்ஸிக்கில் ரயில் மாறினா ரெண்டு மணி நேரத்தில் போயிடலாம். ஆனா அங்கே என்ன இருக்கு? ரூம்மேட்கிட்ட சொன்னா விழுந்து விழுந்து சிரிக்கிறான். "யூரோப் வர்றவர் ஹாலே கேட்கிறாரா? மெட்ராஸ் வந்தவன் அரக்கோணம் பார்க்கணும்னு சொல்ற மாதிரி இருக்குடா!"

அப்பாகிட்டயே காரணம் கேட்டேன். எங்க ஊர்லேர்ந்து பஸ் ஏறினா தரங்கம்பாடி. அங்கே 1706-ல் வந்து இறங்கின சீகன்பால்க் படிச்ச ஊர் ஹாலே. அங்கேதான் அவருக்காகத் தமிழ் எழுத்துகளை வார்த்து, கப்பல்ல தரங்கம்பாடிக்கு அனுப்பினாங்க. 1713-ல் வந்து சேர்ந்துச்சு. 1715-ல் புதிய ஏற்பாடு முழுசும் தமிழ்ல அச்சாச்சு. "அனுப்பின எழுத்து ரொம்பப் பெருசுடா தம்பி. பேப்பரைத் தின்னுடுச்சு. அப்புறம் இங்கேயே சின்னதா வார்த்துக்கிட்டாங்க"ன்னு, ஏதோ போன வாரம் அவர் வேலை பார்த்த அச்சாபீஸில் நடந்த மாதிரி சொல்றார். அவர்கிட்டயும் ஒரு லிஸ்ட் இருந்தது. 1554-ல் முதன்முதலா ஒரு தமிழ்ப் புத்தகம், ரோமன் எழுத்தில், அச்சான லிஸ்பன். கூட்டன்பர்க் ஊரான மைன்ஸ். உலகத்திலேயே பழைய அச்சு இயந்திரங்கள் இருக்கிற ஆன்ட்வெர்ப். நான் அஞ்சு மொழியில் 'ஹலோ' சொல்லக் கத்துக்கிட்ட யூரோப் ஒண்ணு, இவர் மயிலாடுதுறையில் உட்கார்ந்தபடியே தெரிஞ்சு வெச்சிருந்த யூரோப் இன்னொண்ணு.

லிஸ்பன் தூரம். மைன்ஸும் ஆன்ட்வெர்ப்பும் என் ஷீட்டில் இடிச்சது. ஹாலேக்கு மட்டும் ஒரு நாள் ஒதுக்கினேன். அதுவும் ஞாயித்துக்கிழமை. சனிக்கிழமை எனக்கு வேலை, திங்கள் காலையில் பாரிஸ் ரயில்.

சொல்லவே கூச்சமா இருக்கு. பாரிஸ் ரூமுக்காக மூணு வாரம் ரிவ்யூ படிச்சவன், ஹாலேக்கு ஒரு மெயில்கூட அனுப்பலை.

ஹாலேயில் போய்ச் சேர்ந்த இடம் ஃபிராங்கே அறக்கட்டளை வளாகம். 1698-ல் அநாதைக் குழந்தைகளுக்காக ஆரம்பிச்சது. நீளமான முற்றம், ரெண்டு பக்கமும் மரச்சட்டம் வெச்ச உசரமான வீடுகள். மாடி உச்சியில் ஒரு 'அதிசய அறை' இருக்கு. உத்தரத்திலிருந்து முதலை தொங்குது, கண்ணாடி அலமாரி முழுக்க உலகம் பூரா சேர்த்த சாமான்கள். அப்பா ஒவ்வொரு அலமாரியா, மூக்குக் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துட்டே வந்தார். கடைசி அலமாரியும் முடிஞ்சதும் மெதுவா கேட்டார், "எழுத்து எங்கடா?"

அவர் தேடி வந்த ஓலைச்சுவடிகளும் பழைய புத்தகங்களும் ஆவணக் காப்பகத்திலும் நூலகத்திலும் இருக்கு. முன்கூட்டியே எழுதிக் கேட்டு, வேலை நாளில் வரணும். ஞாயித்துக்கிழமை பூட்டு.

கோபப்படுவார்னு நெனச்சேன். கோபமே படலை. முற்றத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, அம்மா கொடுத்துவிட்ட முறுக்கை எடுத்துக் கொடுத்தார். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் எதையோ பொறுக்குற மாதிரி தானா அசைஞ்சிட்டு இருந்தது. அப்புறம் கேட்டார், "நாளைக்கு வேலை நாள்தானே? இங்கேயே எங்கயாவது தங்கிட்டு நாளைக்குப் பார்த்துட்டுப் போகலாமா?"

"இல்லப்பா, பாரிஸ் ரூம் கேன்சல் பண்ண முடியாது. ரயில் டிக்கெட்டும் போயிடும்."

"ஓ... காசு போயிடுமா? அப்ப வேணாம்டா."

எவ்ளோ காசுன்னுகூட அவர் கேட்கலை. நான் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கேன். என்னோட ரெண்டு வார சம்பளத்துக்கும் கம்மி.

பாரிஸ் போனோம். லூவ்ருக்கு இந்த முறை புதன்கிழமையே கூட்டிட்டுப் போனேன், உஷாரா! ஈஃபில் டவர் முன்னாடி நிக்கவெச்சு போட்டோ எடுத்தேன். "கொஞ்சம் சிரிங்கப்பா"ன்னா பல்லைக் காட்டினார். எடுத்து முடிச்சதும் நிழல் தேடிப் போய் உட்கார்ந்துட்டார். அந்த போட்டோவை அம்மா ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்காங்க. வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா போட்டோவைக் காட்டுவாங்க. அப்பா ஹாலே கதையை ஆரம்பிப்பாராம். காப்பகம் பூட்டியிருந்ததை மட்டும் யார்கிட்டயும் சொல்றதில்லைன்னு அம்மா ஒரு நாள் போன்ல சொன்னாங்க.

போன மாசம் காப்பகத்துக்கு ஒரு மெயில் அனுப்பினேன். மொத்தமே ஆறு வரி. எழுத அஞ்சு நிமிஷம் ஆச்சு. எந்தத் தேதியில் வர்றீங்க, எதைப் பார்க்கணும்னு கேட்டு பதில் வந்திருக்கு. தேதி, வர்ற புதன்கிழமை. எதைப் பார்க்கணும்ங்கிறதுக்கு எனக்குப் பதில் தெரியலை. அப்பாவுக்கு போன் போட்டேன்.

ஒரு நிமிஷம் லைன்ல சத்தமே இல்லை. அப்புறம் பேப்பர் பேனா தேடுற சத்தம். "எழுதிக்கடா தம்பி"ன்னு ஆரம்பிச்சார். "முதல்ல 'ணை' பாரு. யானைத் தும்பிக்கை மாதிரி மேல ஏறிச் சுழிச்சிருக்கும். அதை ஒரே துண்டா வார்த்திருக்கானா, ரெண்டு துண்டா ஒட்டியிருக்கானா? ரெண்டுன்னா நடுவுல மெல்லிசா ஒரு கோடு தெரியும். கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாரு..."

"எனக்குக் கண்ணாடி கிடையாதுப்பா."

"லென்ஸ் ஒண்ணு வாங்கிக்கடா. அப்புறம் 'றா'..."