மூணு கேம்பஸ்... எது உங்க வாசல்?

எம்.பி.ஏ. பண்ணணும்னு முடிவு பண்ணியாச்சா? ரொம்ப சந்தோஷம். எந்த எம்.பி.ஏ.?

இந்தக் கேள்விக்கு நம்ம ஆட்கள்ல முக்கால்வாசிப் பேர் ஒரு காலேஜ் பெயரைச் சொல்வாங்க. மீதிப் பேர் ஒரு பெர்சன்டைலைச் சொல்வாங்க. என்ன வேலை செய்யப் போறோம்னு சொல்றவங்க ரொம்பக் கம்மி. ரேங்க் லிஸ்ட்டைப் பார்த்து, முதல் இடத்திலிருந்து வரிசையா அப்ளிகேஷன் போட்டு, எது கிடைக்குதோ அதுல சேர்றதுதான் நம்ம வழக்கம்.

ரேங்க் லிஸ்ட்டைக் கொஞ்சம் மூடி வைங்க. குஜராத் பக்கம் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம். அகமதாபாத்தையும் அதைச் சுற்றியும் 70 கிலோமீட்டருக்குள் மூன்று கேம்பஸ்கள். மூன்றுமே மேனேஜ்மென்ட் சொல்லித் தருகிற இடங்கள்தான். ஆனால் வாசலில் நம்மிடம் கேட்கிற கேள்வி ஒவ்வொன்றிலும் வேறு. நுழைவுத் தேர்வில் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்தாலே, உள்ளே என்ன நடக்கிறது என்பதில் பாதி புரிந்துவிடும்.

செங்கல் கோட்டை

முதல் ஸ்டாப், வஸ்திராபூர். அகமதாபாத்தில் ரோட்டோர டீக்கடைக்கு 'கிட்லி' என்று பெயர். ஒரு கிட்லியில் இஞ்சி டீ அடித்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே சிவப்புச் செங்கல் சுவர்கள். ஐ.ஐ.எம். அகமதாபாத். சும்மா சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் முன்கூட்டியே அனுமதி கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இந்தியாவின் முதல் ஐ.ஐ.எம். கொல்கத்தாவில் வந்தது. அதே 1961-ம் வருடம் டிசம்பரில் இது பிறந்தது. முதலில் பம்பாய்க்குத்தான் யோசித்தார்கள். அதை அகமதாபாத்துக்கு இழுத்து வந்தவர் நம்ம ராக்கெட் விஞ்ஞானி விக்ரம் சாராபாய். கூடவே நின்றவர் மில் அதிபர் கஸ்தூர்பாய் லால்பாய். அப்போது இது துணி ஆலைகளின் ஊர். ஆலைகளுக்கு நிர்வாகம் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள்.

கட்டடத்தை வரைந்தவர் அமெரிக்க ஆர்க்கிடெக்ட் லூயி கான். உள்ளூரில் இருந்து கைகொடுத்தவர் பி.வி.தோஷி. பூசாத செங்கல், சுவரில் ராட்சத வட்டத் திறப்புகள், வெயில் நேராக முகத்தில் அடிக்காத ஆழமான தாழ்வாரங்கள். நடுவில் பெரிய சதுர முற்றம், அதன் ஒரு பக்கம் விக்ரம் சாராபாய் நூலகம். இந்த நூலகத்தைப் பழுதுபார்த்து மீட்ட வேலைக்கு 2019-ல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. மறு வருடமே பழைய ஹாஸ்டல்கள் 18-ல் 14-ஐ இடிக்கும் திட்டம் வந்தது. உலகம் முழுக்க ஆர்க்கிடெக்ட்கள் குரல் கொடுக்க, 2021 ஜனவரி 1 அன்று அதை வாபஸ் வாங்கினார்கள்.

செங்கல் போதும், கிளாஸுக்கு வருவோம். அரைவட்ட கேலரி மாதிரி வகுப்பறை. இங்கே பாடம் நடப்பது 'கேஸ்' முறையில். ஆரம்பத்தில் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலோடு கைகோத்தபோது வந்த பழக்கம் இது. ஒரு நிஜக் கம்பெனியின் சிக்கலை, கணக்கு வழக்கோடு பல பக்கங்களில் கொடுத்துவிடுவார்கள். முதல் நாளே படித்துவிட்டு வந்து, 'இந்த இடத்தில் நீ இருந்தால் என்ன முடிவெடுப்பாய்?' என்ற கேள்விக்கு எல்லார் முன்னாலும் வாயைத் திறக்க வேண்டும். தகவல் பாதிதான் இருக்கும், நேரம் அதைவிடக் குறைவு.

இப்போ 'கேட்' பரீட்சையைப் பாருங்க. ஆங்கிலம் படித்துப் புரிந்துகொள்ளுதல், டேட்டாவும் லாஜிக்கும், கணக்கு என்று மூன்று பகுதி. ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம், மொத்தம் 2 மணி நேரம். சரியான விடைக்கு 3 மார்க். சாய்ஸ் கேள்வியில் தப்பானால் 1 மார்க் போச்சு. நாமே விடையை டைப் பண்ணும் கேள்விகளுக்கு நெகட்டிவ் கிடையாது. எதைத் தொடணும், எதை விடணும் என்று கடிகாரத்தோடு சண்டை போடுகிற ஆட்டம் இது. கேஸ் கிளாஸுக்கு வாசலிலேயே ஒரு ஒத்திகை!

தகுதி? ஏதாவது ஒரு டிகிரி, அதில் 50 சதவீதம். எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 45. ஃபைனல் இயர் படிப்பவர்களும் எழுதலாம். வயது வரம்பு இல்லை. 'நான் பி.ஏ. தமிழ், எனக்கெல்லாம் எங்கே...' என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு தகவல். கோயம்புத்தூரில் பிறந்து, சென்னை லயோலாவில் ஃபிசிக்ஸ் படித்துவிட்டு இங்கே முதல் பேட்சில் சேர்ந்தவர் சி.கே.பிரகலாத். பிற்பாடு உலகமே திரும்பிப் பார்த்த மேனேஜ்மென்ட் பேராசிரியர். 

ஆனால் ஒன்று. கேட் மார்க் மட்டுமே சீட் வாங்கித் தராது. பத்தாவது, பிளஸ் டூ, டிகிரி மார்க், வேலை அனுபவம் எல்லாமே எடை போடப்படும். அதற்குப் பிறகு எழுத்துத் தேர்வு, இன்டர்வியூ. முதல் வருடம் அக்கவுன்ட்ஸ், மார்க்கெட்டிங், ஆபரேஷன்ஸ், ஹெச்.ஆர்., எகனாமிக்ஸ் எல்லாருக்கும் பொது. நடுவில் ஒரு சம்மர் டிரெய்னிங். இரண்டாம் வருடம்தான் பிடித்த பாடங்களை நாமே பொறுக்கி எடுக்கலாம்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம்

பழைய கேம்பஸிலிருந்து ரோட்டுக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை. அதில் நடந்தால் புது கேம்பஸ். கோர்ஸ்களும் இப்படித்தான் கிளை விட்டிருக்கின்றன. இரண்டு வருட எம்.பி.ஏ. தவிர, உணவு மற்றும் வேளாண் வணிகத்துக்கென்றே தனியாக ஒரு இரண்டு வருடக் கோர்ஸ் இருக்கிறது. பி.எஸ்ஸி. அக்ரி மக்களே, கவனிங்க!

இன்னொன்று ஒரு வருடக் கோர்ஸ். காலேஜ் முடித்த கையோடு இதற்குப் போக முடியாது. டிகிரிக்குப் பிறகு குறைந்தது 4 வருட வேலை அனுபவம் கேட்பார்கள். கேட்டுக்குப் பதில் ஜிமேட் அல்லது ஜி.ஆர்.இ. கேட் மார்க்குக்கு ஆயுள் ஒரு வருடம்தான், இவற்றுக்கு 5 வருடம். இந்த வருடம் கேட் சரியாக அமையாவிட்டால் உலகம் முடிந்துவிடாது. நல்ல வேலையில் நாலு வருடம் இருந்துவிட்டு வருவதும் ஒரு ராஜபாட்டைதான்.

அப்புறம் அந்தப் பழைய குழப்பம்... எம்.பி.ஏ.வா, பி.ஜி.டி.எம்.மா? எம்.பி.ஏ. என்ற பட்டத்தைப் பல்கலைக்கழகங்கள்தான் தரலாம். மற்ற தன்னாட்சி நிறுவனங்கள் தருவது டிப்ளமோ. ஐ.ஐ.எம்.களே பல வருடங்கள் டிப்ளமோதான் கொடுத்தன. 2017-ல் நிறைவேறிய ஐ.ஐ.எம். சட்டம் 2018 ஜனவரியில் அமலுக்கு வந்த பிறகுதான் பட்டம் தரும் அதிகாரம் கிடைத்தது. தனியார் நிறுவனத்தில் பி.ஜி.டி.எம். சேர்வதாக இருந்தால் ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்க. பின்னாடி அரசு வேலை, பிஹெச்.டி. ஆசை இருந்தால், அந்த டிப்ளமோ எம்.பி.ஏ.வுக்குச் சமம் என்ற அங்கீகாரம் உண்டா என்பதையும் கேட்டுடுங்க.

விளம்பரக்காரர்களின் கிராமம்

அடுத்து, நகரத்தின் மேற்கு ஓரத்துக்கு ஆட்டோ. போபால் தாண்டி ஷேலா. (மத்தியப் பிரதேச போபால் இல்லைங்க, இது வேற!) ஒரு காலத்தில் வயல்வெளி, இப்போது அபார்ட்மென்ட்கள் முளைத்துக்கொண்டே இருக்கின்றன. இங்கேதான் 'மைக்கா' இருக்கிறது. 1991-ல் ஆரம்பித்தவர் முத்ரா விளம்பரக் கம்பெனியை உருவாக்கிய ஏ.ஜி.கிருஷ்ணமூர்த்தி. விளம்பரம், பிராண்ட், மீடியா, மார்க்கெட் ஆராய்ச்சி... இதெல்லாம்தான் இந்த ஊர்க் காய்ச்சல்.

வாசலில் கேட்கிற கேள்வியும் அதற்கேற்ற மாதிரிதான். கேட், சாட், ஜிமேட் மாதிரி ஏதாவது ஒரு ஸ்கோர் வேண்டும். அது போதாது என்று 'மைக்காட்' என்று சொந்தமாக ஒரு தேர்வு. அதில் மனசைப் படிக்கிற சைக்கோமெட்ரிக் பகுதி உண்டு. உட்கார்ந்து எழுத வைக்கிற விரிவான கேள்விகள் உண்டு. சம்பந்தமில்லாத விஷயங்களை முடிச்சுப் போடச் சொல்கிற புதிர்கள் உண்டு. கணக்கில் புலியாக இருந்து, மனிதர்களைக் கவனிக்கிற ஆர்வம் இல்லாவிட்டால் இந்த வாசலில் திணற வேண்டியதுதான். கல்ச்சுரல்ஸ் மேடையே கதி என்று கிடந்து, வீட்டில் திட்டு வாங்குகிறவர்கள் இந்தப் பக்கம் ஒரு பார்வை பார்க்கலாம்.

பால் ஊர்

மறுநாள் காலை ரயில். நடியாத் தாண்டி ஆனந்த். அகமதாபாத்திலிருந்து சுமார் 65 கிலோமீட்டர். அமுல் என்ற பெயரில் முதல் எழுத்து இந்த ஊருடையது.

1946-ல் இந்தப் பகுதி விவசாயிகள் போல்சன் கம்பெனியின் ஏகபோகத்தை எதிர்த்துப் பாலைத் தர மறுத்தார்கள். திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் கூட்டுறவு பிறந்தது. 1949-ல் அரசாங்க வேலையாக இந்த ஊரில் வந்து இறங்கினார் ஓர் இளம் இன்ஜினீயர், வர்கீஸ் குரியன். அவரும் சென்னை லயோலாவில் ஃபிசிக்ஸ், அப்புறம் கிண்டியில் மெக்கானிக்கல். எப்போதடா கிளம்பலாம் என்றிருந்தவர் கடைசிவரை இங்கேயே தங்கிவிட்டார். காலையும் மாலையும் கிராமத்தில் பால் வாங்கி, கொழுப்பை அளந்து, அதற்கேற்ற காசைக் கொடுக்கிற அந்த முறை இன்று 36 லட்சம் குடும்பங்களைத் தாண்டி நிற்கிறது.

அந்தக் கூட்டுறவுகளை நடத்தப் படித்த மேனேஜர்கள் வேண்டுமே? சோப்பு விற்கப் பயிற்சி எடுத்தவர்கள் கிராமத்துக்கு வர மாட்டார்கள். அதனால் 1979-ல் குரியன் ஆரம்பித்ததுதான் 'இர்மா', ஊரக மேலாண்மை நிறுவனம். பல வருடங்கள் இதன் நுழைவுத் தேர்வில் சமூகப் பிரச்னைகள் பற்றித் தனிப் பகுதியே இருந்தது. சேர்ந்த பிறகு வாரக்கணக்கில் ஒரு கிராமத்தில் போய்த் தங்கி, அங்கே யாரிடம் தண்ணீர் இருக்கிறது, யாரிடம் கடன் இருக்கிறது என்று படிக்க வேண்டும். 2025-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் இர்மா, 'திரிபுவன் சஹ்காரி பல்கலைக்கழகம்' ஆகிவிட்டது. விண்ணப்பிக்கிறவர்கள் அந்தந்த வருட அறிவிப்பைப் பார்த்தே முடிவெடுங்க.

கடைசியில் காசு!

ஐ.ஐ.எம். அகமதாபாத்தில் இரண்டு வருட எம்.பி.ஏ.வுக்கு இப்போது 25 லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருகிறார்கள். பேங்க்கும் லோன் தரும். ஆனால் ஒரு கணக்குப் போடுங்க. 25 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 10 வருடம்... மாதா மாதம் சுமார் 33,000 ரூபாய் கட்ட வேண்டும். படிக்கும் காலத்து வட்டி தனி. இந்தத் தவணை தோளில் உட்கார்ந்துவிட்டால், பிடித்த வேலையை விட்டுச் சம்பளம் கூடுதலாக இருக்கிற வேலையைத்தான் கை நீட்டும். 'எனக்குக் கிராமத்துல வேலை செய்யணும்' என்று சொன்ன வாய் மூடிக்கொள்ளும். அதனால்தான் எந்த வேலை என்ற கேள்வி, எந்தக் காலேஜ் என்ற கேள்விக்கு முன்னால் வர வேண்டும்.

கடன் வேண்டாம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் எழுதி, நம்ம ஊர் அரசுக் கல்லூரிகளில் இதைவிடப் பல மடங்கு குறைந்த செலவில் எம்.பி.ஏ. முடிக்கலாம். அப்பா தோளில் பாரம் ஏற்றாமல் படித்து, நாலு வருடம் வேலை பார்த்து, பிறகு அந்த ஒரு வருடக் கோர்ஸுக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகலாம். 

கேட் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட்டில் திறக்கும், பரீட்சை நவம்பர் கடைசி வாக்கில். ஃபீஸ் கட்டும் முன்னால் ஒரு வெள்ளைத் தாளை எடுங்க. முப்பது வயசுல ஒரு திங்கட்கிழமை காலை, என்ன வேலை பார்த்துட்டு இருக்கணும்னு நாலு வரி எழுதுங்க. போர்டு ரூமா, விளம்பர ஸ்டுடியோவா, பால் சொசைட்டி வாசலா? நாலு வரி வந்துடுச்சுன்னா, எந்தப் பரீட்சைக்குப் படிக்கணும்னு யாரையும் கேட்க வேண்டியதில்லை. வரலைன்னா, அந்த அப்ளிகேஷன் ஒரு வருஷம் காத்திருக்கட்டும். தப்பே இல்ல!