விரல் எங்கே போச்சு?

ஈ.சி.ஆரில் மரக்காணம் பக்கம் போனால், கடலோரமாக எக்கியார்குப்பம். 2023 மே மாதம் விஷச் சாராயத்துக்குப் பல உயிர்களைப் பறிகொடுத்ததே, அதே ஊர்தான். நான் போனது வேறு துக்கத்துக்கு. தெரிந்த மீனவர் ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தார். சர்க்கரை. இடது கால் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள்.

திண்ணையில் உட்கார்ந்து கால் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று கேட்டார்:

"வெட்டுன விரல என்ன சார் பண்ணுவாங்க?"

"மஞ்சள் பையில போட்டு எரிக்க அனுப்பிடுவாங்கண்ணே."

"அறுவது வருசம் கூட இருந்துச்சு. போறப்ப ஒரு வார்த்தை சொல்லலியே" என்றார்.

அவர் மனைவிக்கு வேறு கேள்வி. "ஆஞ்சியோ எல்லாம் எடுத்தாங்களே. பெரிய அடைப்பு இல்லன்னு சொன்னாங்க. அப்புறம் எப்படிங்க விரல் கறுத்துச்சு?"

நான் படித்தது பி.காம். டெபிட், கிரெடிட்டுக்கு மேல் தெரியாது. சென்னைக்கு வந்து டாக்டர் நண்பர் ஒருவரை நச்சரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

மரக்காணம் உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். பெரிய வாய்க்கால், அதிலிருந்து கிளை வாய்க்கால், கடைசியில் பாத்திக்குப் பாத்தி சின்னதாக ஒரு மடை. ரோட்டில் நின்று பார்த்தால் பெரிய வாய்க்கால் தெரியும். கடைசிப் பாத்தியின் மடை அடைத்திருப்பது தெரியுமா? ஆஞ்சியோவும் அப்படித்தான். பெரிய ரத்தக்குழாய்களைக் காட்டும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத நுண்குழாய்கள் அதற்குச் சிக்காது.

அதையும் பார்க்க ஒரு கருவி உண்டு. மைக்ரோ சி.டி. சின்னத் திசுத் துண்டை வைத்துச் சுற்றிச் சுற்றி, நூற்றுக்கணக்கான கோணங்களில் எக்ஸ்ரே எடுப்பார்கள். கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் சேர்த்து முழு உருவமாக்கும். ரத்தக்குழாயும் சதையும் எக்ஸ்ரேக்கு ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், குழாய்களுக்குள் எக்ஸ்ரேயைத் தடுக்கும் கலவையைச் செலுத்திவிடுவார்கள்.

பழைய வித்தைதான். ராண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். 1896 ஜனவரியிலேயே வியன்னாவில் ஹாஷெக், லிண்டென்தால் என்ற இருவர், பிணத்திலிருந்து எடுத்த ஒரு கையின் ரத்தக்குழாய்களில் சுண்ணாம்பும் ஜாதிலிங்கமும் சேர்ந்த கலவையைச் செலுத்திப் படம் எடுத்தார்கள். ஒரே படத்துக்கு 57 நிமிடம்!

இதில் நம்மாள் ஒருவரும் இருக்கிறார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பல வருடம் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஜி.என்.ராமச்சந்திரன். எக்ஸ்ரே படங்களைச் சேர்த்து உருவமாக்கும் கணக்குக்கு, 1971-ல் அவரும் லட்சுமிநாராயணனும் ஒரு சுருக்கு வழி கண்டுபிடித்தார்கள். 'ராம்-லக்' என்று இருவர் பெயரையும் ஒட்டி, சி.டி. உலகம் இன்றும் அதைச் சொல்கிறது.

'அப்படியானால் அந்த மீனவரின் காலை முன்பே மைக்ரோ சி.டி. எடுத்திருக்கலாமே?' என்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். முடியாதாம். நுணுக்கம் கூடக் கூடக் கதிர்வீச்சும் கூட வேண்டும். உயிருள்ள உடம்பு தாங்காது. தவிர, துடிப்பும் அசைவும் படத்தைக் கலைத்துவிடும். ஆக, மனித உடம்பில் இவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பதென்றால், வெட்டியெடுத்த திசுவில் பார்க்கலாம். இல்லை, இறந்தவர் உடம்பில் பார்க்கலாம்.

2021-ல் பிரான்ஸின் கிரனோபிளில், மிகப் பிரகாசமான எக்ஸ்ரே கற்றையால் முழு உறுப்புகளையே இப்படிப் படமெடுத்தார்கள். கலவைகூடத் தேவைப்படவில்லை. கொரோனாவில் இறந்த ஒருவரின் நுரையீரலில், தனித்தனியாக ஓட வேண்டிய இரண்டு ரத்த ஓட்டங்கள் தாறுமாறாக இணைந்துகிடந்தது தெரிந்தது. அதைக் காட்டிக்கொடுத்த மனிதருக்கு அதனால் பைசா லாபமில்லை. டெபிட் ஒருவர் கணக்கில், கிரெடிட் இன்னொருவர் கணக்கில்!

அடுத்த தடவை போனபோது இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அந்தக் கை யாருதாம் சார்?"

"பேர் தெரியாதுண்ணே."

கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். "என் விரலையும் கேட்டிருந்தா குடுத்திருப்பேன். யாருக்காவது ஆவட்டும்னு. யாரும் கேக்கலியே."

எனக்குப் பதில் இல்லை. எரிப்பதற்கோ ஆராய்வதற்கோ, எதற்காக இருந்தாலும், அது ஒருவருடைய விரல். ஒரு வார்த்தை கேட்க எந்தக் கருவியும் வேண்டாம்.

கிளம்பும்போது வலது காலை நீட்டினார். "இதையும் ஒரு பார்வை பாத்துட்டுப் போங்க சார்."

நான் டாக்டரில்லை. ஆனாலும் குனிந்து, உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பார்த்தேன். குதிகால் ஓரம் சின்னதாக ஒரு வெடிப்பு. அவருக்கு வலி தெரியவே இல்லை. "நாளைக்கே டாக்டர்ட்ட காட்டுங்கண்ணே" என்றேன்.

உங்கள் வீட்டிலும் சர்க்கரைக்காரர் யாராவது இருப்பார். இன்று ராத்திரி தூங்கும் முன்னால் அவர் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். அதற்கு எக்ஸ்ரே வேண்டாம், டியூப் லைட் போதும்.